மஞ்சள் லென்ஸ்

தெரிஞ்சவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாயை எப்படி மூடிக்கொள்வது என்பதுதான் அது. மற்றபடி மின்சாரம், மருந்து, மண் பரிசோதனை, வெளிநாட்டு விசா என்று எதை எடுத்தாலும் அவருக்கு அத்துப்படி. யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும், அந்த வாக்கியம் பாதி தூரம் வருவதற்குள் "தெரியும், தெரியும்" என்று கையை ஆட்டிவிடுவார். ஒருநாள் "பார்த்து வாங்க, படியில தண்ணி கொட்டியிருக்கு" என்று யாரோ சொன்னபோதும் தெரியும் தெரியும் என்று சொல்லிக்கொண்டேதான் வழுக்கி விழுந்தார். எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொள்ளும்போதும் அதையேதான் சொன்னார்.

அன்றைக்குத்தான் லேசர் இயந்திரத்து ஆபரேட்டர் அவருக்குத் 'தெரிஞ்சவர்' என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் முதலாளியின் மச்சினன் என்பதால் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் சொல்வதில்லை.

பட்டறை என்றால் பெரிய பட்டறை ஒன்றும் இல்லை. முன்னால் ஆர்டர் வாங்குகிற மேசை. அதை ஒட்டிக் கணினியில் வரைபடம் போடுகிற சின்ன அறை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் லேசர் இயந்திரம். அதே அறையின் மூலையில் பேக்கிங் மேசை. பின்னால் ஒரு கை கழுவும் தொட்டி. அக்ரிலிக் பெயர்ப்பலகை, மரப்பெட்டி, கேடயம் எல்லாம் அங்கே வெட்டப்படும். ஆபரேட்டர் ஒன்பது வருஷமாக அந்த இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறாள். அது இருமினால் அவளுக்குக் காய்ச்சல் வரும் என்று பேக்கிங் மேசையில் இருக்கும் அக்கா கேலி செய்வாள். அக்கா என்று ஆபரேட்டர் கூப்பிடுவது முதலாளியின் மனைவியை. தெரிஞ்சவர் அந்த அக்காவின் கூடப் பிறந்த தம்பி. ஒரே வயிற்றில் எப்படி இவ்வளவு வித்தியாசமாக இரண்டு பேர் பிறக்க முடியும் என்பது ஆபரேட்டருக்கு விளங்காத கணக்கு.

முதலாளி இரண்டாவது இயந்திரம் வாங்கப் போகிறார். முதலாவதைவிட மூன்று மடங்கு பெரியது. அதற்குத் தனிக்கூடம், தனியாக நான்கு ஆட்கள், மேலே ஒரு பொறுப்பாளர். அந்தப் பொறுப்பாளர் நாற்காலி தனக்குத்தான் என்று ஆபரேட்டர் மனசுக்குள் எப்போதோ உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. திடீரென்று ஒரு திங்கட்கிழமை முதலாளி அவளைக் கூப்பிட்டு, "நம்ம மாப்ளைக்கு ஒரு வாரம் எல்லாத்தையும் சொல்லிக் குடும்மா. வெள்ளிக்கிழமை அவன் தனியா ஓட்டிக் காட்டட்டும். அப்புறம் யாரு பொறுப்புன்னு முடிவு பண்ணலாம்" என்றார்.

"யாருக்கு சார், அவருக்கா?" என்று கேட்டாள்.

"ஏம்மா, படிச்சவன்தானே?"

படித்தவர்தான். மூன்று கல்லூரிகளில் படித்தவர். எதிலும் முடித்தவர் இல்லை.

வாரம் தொடங்கியது. இயந்திரத்தை எப்படிப் போடுவது என்று அவள் சொல்லும்போது, தெரியும் சிஸ்டர் என்றார். கூடப் பிறந்தவளை அக்கா என்பவருக்கு, இவள் மட்டும் சிஸ்டர். கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடிகளை எப்படி நேர்ப்படுத்துவது என்று காட்டினால் செல்போனைப் பார்த்துக்கொண்டே, தெரியும் சிஸ்டர். புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியைப் போடாமல் வெட்டவே கூடாது என்று சொல்லி வாய் மூடவில்லை, தெரியும் தெரியும். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அவளுக்குச் சுவரிடம் பேசுவது எவ்வளவு கௌரவமான வேலை என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. சுவராவது பதில் பேசாது.

மிச்சம் இருந்த பாடம் லென்ஸ் மட்டும்தான்.

இயந்திரத்தின் தலையில், ஒரு குழலுக்குள், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக அது உட்கார்ந்திருக்கும். பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அது கண்ணாடி இல்லை. துத்தநாகமும் செலினியமும் சேர்ந்த ஜிங்க் செலினைடு. எலுமிச்சைக்கும் தேனுக்கும் நடுவில் ஒரு மஞ்சள், அதுதான் அதன் பிறவி நிறம். சாதாரணக் கண்ணாடி நம் கண்ணுக்குத் தெளிவு, ஆனால் அந்த லேசர் கதிருக்கு அது சுவர். சூட்டைக் குடித்துக் குடித்து விரிசல் விட்டுவிடும். இந்த மஞ்சளோ, கண்ணுக்கே தெரியாத அந்த வெப்பக் கதிரைத் தங்குதடையில்லாமல் உள்ளே விட்டு, கீழே ஒரு புள்ளியில் குவித்துக் கொடுக்கும். அந்தப் புள்ளிதான் பலகையை வெட்டுவது. உடம்புச் சூட்டைப் படம் பிடிக்கிற கேமராக்களிலும் இதே பொருள் இருக்கிறது என்று இயந்திரத்தைப் பொருத்த வந்த இன்ஜினியர் சொல்லியிருந்தார்.

இவ்வளவு பெருமை இருந்தும் அதற்குப் பூஞ்சை உடம்பு. அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். மேலே பூசியிருக்கிற மெல்லிய பூச்சு போய்விடும். அப்புறம் உள்ளே போக வேண்டிய கதிர் லென்ஸிலேயே தங்கும், லென்ஸ் கொதிக்கும், வெடிக்கும். வெடித்தால் வருகிற புகையும் பொடியும் விஷம். அதனால் ஆபரேட்டர் தினமும் காலையில் யாரும் வருவதற்கு முன்பே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கையுறை மாட்டி, அசிட்டோன் திரவத்தில் நனைத்த மெல்லிய தாளை லென்ஸின் மேல் ஒரே ஒரு முறை இழுத்தெடுப்பாள். தாளின் கனம் மட்டும்தான் அதன் மேல் இருக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் பேசுவார்கள், பேசினால் எச்சில் தெறிக்கும் என்று அந்த வேலையை அவள் யார் கண்ணிலும் காட்டுவதில்லை.

முதல் வருஷம் அவளே ஒரு லென்ஸைப் பாழாக்கியவள்தான். வெறும் விரலால் தொட்டுவிட்டாள்; ரேகை அப்படியே எரிந்து பதிந்துவிட்டது. அன்றைக்கு முதலாளி குதித்த குதிக்கு அக்காதான் நடுவில் வந்து, "கத்துக்கிற கை, அப்படித்தான் இருக்கும். விடுங்க" என்று அடக்கினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் லென்ஸைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று ஆபரேட்டர் நினைத்திருந்தாள். அதற்குள் தெரிஞ்சவரே முந்திக்கொண்டார். வரைபட அறை வாசலில் வந்து சாய்ந்து நின்றுகொண்டு, "சிஸ்டர், லென்ஸைக் கழட்டிப் பார்த்தேன்" என்றார்.

அவள் சட்டென்று எழுந்தாள். "கையாலயா?"

"பின்ன காலாலயா? அது கிடக்கட்டும். அதை என்னைக்காவது ஒழுங்காத் தேய்ச்சிருக்கீங்களா? நாளைக்கு பத்து டீ குடிக்கிறவன் பல்லு மாதிரி மஞ்சப் பூத்துக் கிடக்கு. ஒன்பது வருஷ சர்வீஸ்னு பெருமை வேற. மாமா பார்த்தா என்ன நினைப்பாரு? கவலைப்படாதீங்க, நான் சொல்ல மாட்டேன். நானே வெள்ளையாக்கிடுறேன்."

சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். பார்த்திருந்தால் நின்றிருப்பார். ஆபரேட்டருக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. மஞ்சளாம். பல்லாம். பிறவி நிறத்தைப் பார்த்து அழுக்கு என்று கண்டுபிடித்த மகாமேதை, அவளுக்குப் பாவம் பார்க்கிறாராம்.

பத்து நிமிஷம் கழித்து அவள் பின்பக்கம் போனாள். கை கழுவும் தொட்டியில் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. காதில் இயர்போனோடு தெரிஞ்சவர் குனிந்து நின்றிருந்தார். இடது உள்ளங்கையில் லென்ஸ். அதன் மேல் வெள்ளைவெளேரென்று பற்பசை. வலது கையில் ஒரு பழைய டூத் பிரஷ். சரக் சரக் என்று சத்தம் வருகிற அளவுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டியது நாலே வார்த்தைதான். அது அவளுடைய தொண்டை வரை வந்தும்விட்டது. அப்போதுதான் அவளுக்கு மற்றொன்று தோன்றியது. நாளைக்கு முதலாளி கண்ணெதிரே இந்த லென்ஸ் படீரென்று போகும். புகையை விசிறி இழுத்து வெளியே தள்ளிவிடும். இவர் முழிப்பார். தன்னுடைய மேசை டிராயரில் புது லென்ஸ் ஒன்று பெட்டியோடு இருக்கிறது. ஐந்தே நிமிஷத்தில் மாட்டி, வெட்டிக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றால் போதும். யாரும் யாரைப் பற்றியும் கோள் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

"தேய்ங்க," என்றாள் ஆபரேட்டர். "நல்லாத் தேய்ங்க."

"தெரியும் சிஸ்டர், தெரியும்" என்றார் அவர், திரும்பாமலே.

அன்று மாலை கிளம்பும்போது முதலாளி, "எல்லாம் சொல்லிக் குடுத்தாச்சாம்மா? லென்ஸு அது இதுன்னு எதுவும் பாக்கி இல்லையே?" என்று கேட்டார்.

"ஆச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் தடவையாக ஆபரேட்டர் லென்ஸைத் துடைக்கவில்லை. பத்து மணிக்குத் தெரிஞ்சவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். முதலாளி கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றார். ஆபரேட்டர், "நான் இருந்தா அவருக்குக் கூச்சமா இருக்கும் சார்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வரைபட அறைக்குப் போய், டிராயரைத் திறந்து புது லென்ஸ் பெட்டியை மேசை மேல் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் மூக்குடைபடும் சத்தத்தைக் காது குளிரக் கேட்பதற்குக் கதவை ஒருக்களித்தும் வைத்தாள்.

அந்தப்பக்கம் பிரசங்கம் ஆரம்பமானது. லேசர் என்றால் என்ன, உலகத்தில் அதை யார் யார் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள், தான் பொறுப்பேற்றால் என்னென்ன மாறும் என்று அவர் அளந்துகொண்டே போனார். நடுவில், "லென்ஸு கூட ஒரே மஞ்சளா கிடந்துச்சு மாமா. முக்கா மணி நேரம் தேய்ச்சேன். முழுசாப் போகல, பரவாயில்ல" என்றும் சொன்னார்.

"தம்பி, கொஞ்சம் நிமிர்ந்து நில்லுடா, வீடியோ எடுக்கிறேன்" என்று அக்காவின் குரல் கேட்டது. அக்கா எதற்கு அங்கே? முதலாளி இங்கே நிற்பதால் இன்றைக்கு அவள் ஆர்டர் மேசையில் அல்லவா இருப்பாள் என்று நினைத்திருந்தாள் ஆபரேட்டர். தம்பி ஓட்டுவதைப் பார்க்க இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறாள் போலிருக்கிறது. சரி, நிற்கட்டும், விசிறி இருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேச்சு இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. ஒன்பது வருஷத்தில் அந்த அறையில் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். விசிறியின் இரைச்சல் அப்படி. இப்போது இரைச்சலே இல்லை.

பிரசங்கம் கேட்க வேண்டும் என்று விசிறியை நிறுத்திவிட்டிருந்தார் மனுஷன்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் கண்ணாடிக் கதவை எட்டுவதற்குள் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அவள் எதிர்பார்த்த மாதிரி படீர் இல்லை, பென்சில் முறிகிற சத்தம்தான். இயந்திரத்தின் மூடியைத் தெரிஞ்சவர் வேறு தூக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்தார். வெள்ளைப் புகை சுருண்டு எழும்பியது. பக்கத்திலிருந்த அக்காவும் செல்போனோடு எட்டிப் பார்த்தாள். அழுகிய முள்ளங்கியைக் குவியலாகக் கொட்டியது போல ஒரு நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

"மூச்சு விடாதீங்க! வெளிய வாங்க, வெளிய வாங்க!" ஆபரேட்டர் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானில் ஓங்கி அடித்தாள். விசிறி சுவிட்சைத் தட்டினாள். அக்காவின் தோளைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே முதலாளி மச்சினனைத் தள்ளிக்கொண்டு வந்தார். படியில் உட்கார்ந்து அக்கா இருமிய இருமல், இருமல் மாதிரியே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பேச வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. ஆபரேட்டர் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வரைபட அறை மேசை மேல் புது லென்ஸ் பெட்டி எடுத்து வைத்தபடியே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன புகை?" என்று கேட்டபோது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆபரேட்டர்தான் சொன்னாள். ஜிங்க் செலினைடு, லேசர் சூட்டில் எரிந்தது, விசிறி இல்லை, இரண்டு பேர் நேராக முகத்தில் வாங்கினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். "இப்படித் தெளிவா சொல்றதுக்கு ஒருத்தர் இருந்தது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். முதலாளி அவளை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வைக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு மூச்சுக்குழாய் வெந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சில நாள் ஆக்சிஜனோடு இருக்கட்டும் என்றார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஆபரேட்டர் பார்க்கப் போனாள். அடுத்தடுத்த கட்டிலில் அக்காவும் தம்பியும். அக்காவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். தெரிஞ்சவர் கண் இரண்டும் சிவந்து, சட்டை கசங்கி, சின்னதாகிப் போயிருந்தார். நடுவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். தூங்காத முகம்.

"வாம்மா" என்றார் முதலாளி. "ஒரே ஒரு கேள்வி. லென்ஸைத் தேய்க்கக் கூடாதுன்னு இவன்கிட்ட சொன்னியா இல்லையா?"

ஆபரேட்டர் அக்காவைப் பார்த்தாள். மாஸ்க் மூச்சுக்கு மூச்சு வெளுத்து வெளுத்துத் தெளிந்தது.

அவள் வாய் திறப்பதற்குள் தெரிஞ்சவர் பேசினார். குரல் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி வந்தது. "சொன்னாங்க மாமா. நான் தேய்ச்சிக்கிட்டு இருந்தப்போ பின்னாடியே வந்து நின்னு சொன்னாங்க. காதுல பாட்டு ஓடுச்சு. தெரியும் சிஸ்டர்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குத் தேய்ச்சேன். எனக்குத் தெரியாது மாமா. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க ஆபரேட்டர் எத்தனை நாள் காத்திருந்தாள். வந்தபோது காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"இல்ல சார்," என்றாள். "நான் சொல்லல. நல்லாத் தேய்ங்கன்னுதான் சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன்."

முதலாளி மெல்ல எழுந்து மச்சினன் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியாடா? உன்னைத் திட்டுவேன்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாங்க. இந்த மனசு உனக்கு வருமாடா? மனுஷின்னா இவங்க மனுஷி." அவருடைய குரல் தழுதழுத்தது. "புது மெஷினு, கூடம், ஆளுங்க எல்லாம் இனி உன் பொறுப்பும்மா. நான் யோசிச்சதே தப்பு."

தெரிஞ்சவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மாஸ்க்கோடு கையை நீட்டி ஆபரேட்டரின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சூடாக இருந்தது. நான் சொன்னது நிஜம் அக்கா என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். நம்புகிற வரைக்கும் சொல்லியிருக்கலாம். நாற்காலி மனக்கண்ணில் வந்து நின்றது. அவள் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துப் புது இயந்திரம் வந்தது. அக்கா பேக்கிங் மேசைக்குத் திரும்பிவிட்டாள், படியேறினால் மட்டும் இன்னும் மூச்சு இளைத்தது. பழைய இயந்திரத்தை ஈரத்தாளால் துடைத்து, லென்ஸின் துணுக்குகளை டப்பாவில் அடைத்து, அதை விஷக்கழிவு எடுப்பவர்களிடம் ஆபரேட்டரே ஒப்படைத்தாள். புதுக் கூடத்தில் முதல் நாள் காலை, வழக்கம்போல யாரும் வருவதற்கு முன் வந்து, கையுறை மாட்டி, லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மஞ்சள் குறையில்லாமல் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. தெரிஞ்சவர் நின்றிருந்தார். காதில் இயர்போன் இல்லை. மூக்கிலும் வாயிலும் மாஸ்க் கட்டி, கையில் ஒரு புது நோட்டும் பேனாவும் வைத்திருந்தார்.

"உள்ள வரலாமா சிஸ்டர்? பேச மாட்டேன். எல்லாத்தையும் முதல்லேர்ந்து எழுதிக்கலாம்னு வந்தேன்."

அவள் தலையசைத்தாள். இவரைப் பார்த்தால் வழக்கமாக வருகிற இளக்காரத்தைத் தேடிப் பார்த்தாள். வரவில்லை. வந்ததெல்லாம் தன்னைப் பார்த்தே வந்தது.

அவர் நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் தேதி போட்டார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க வந்து சொன்னது எனக்குச் சரியாக் காதுல விழல சிஸ்டர். இத்தனை நாளா மனசை அரிக்குது. அதையே முதல்ல எழுதணும். என்ன சொன்னீங்க?"

லென்ஸ் அவளுடைய விரல் நுனிகளுக்கு நடுவில் இருந்தது.

"தேய்க்கக் கூடாதுன்னு சொன்னேன்" என்றாள்.

அவர் அதை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக்கொண்டார்.